மயங்கி விழுந்து கிடைத்த வேலை

போன வருடம் மார்ச் மாதம், மலேசியாவின் வடகோடியில் இருக்கும் பெர்லிஸில் ஒரு நெல் ஆலையின் முற்றத்தில் நடந்தது இது. ஆனால் நான் பெர்லிஸ்காரன் இல்லை. பிறந்தது, வளர்ந்தது, வீடு வாங்கியது எல்லாம் தெற்கே சிலாங்கூர் மாநிலத்து ஈஜோக்கில். வேலை பார்த்தது கோல சிலாங்கூரில், மீன்களை உறைய வைத்து அடுக்கும் ஒரு குளிர்கிடங்கில்.

பதினான்கு வருடம் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். வெளியே வெயில் கொளுத்தும். நான் உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூச்சு விட்டால் புகையாக வரும் குளிரில் மீன் பெட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பேன். வேலை முடிந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடியில் நீர் படியும். அதைத் துடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு வரைக்கும் நிழல்தான். வெயிலில் நின்று வேலை செய்வது என்றால் என்னவென்றே என் உடம்புக்குத் தெரியாது.

என் மனைவி தாதி. அதற்கு முந்திய வருடம் அவளுக்குப் பதவி உயர்வோடு பெர்லிஸில் ஓர் அரசு கிளினிக்குக்கு மாற்றல் வந்தது. அதற்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஈஜோக்கில் தங்கிவிட்டேன்.

"முதல்ல அங்க ஒரு வேலை தேடிக்கிறேன். கையில வேலை இருந்தாதான் வருவேன்," என்றேன்.

வீட்டுக் கடனைக் காரணமாகச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. அவள் காலையில் வேலைக்குக் கிளம்ப, நான் பழக்கமில்லாத ஊரில் வாசலில் நின்று கையசைப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு மாதம் ஓடியது. விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: இப்போது எங்கே இருக்கிறாய்? சிலாங்கூர் என்றதும், பிறகு கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒருவரும் கூப்பிட்டதில்லை. கடைசியாக ஒரு நெல் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேவை என்று பார்த்தேன். அங்கேயும் அதே கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டு, "பெர்லிஸ்லதான் இருக்கேன், ஒரு வருஷம் ஆகப்போகுது," என்று மலாயில் சொல்லிவிட்டேன். மனைவியின் வாடகை வீட்டு முகவரியையும் கொடுத்தேன். வெயில் பழக்கம்தானே என்று கேட்டார்கள். நல்ல பழக்கம் என்றேன். அப்போது என் உடம்பில் ஜாக்கெட் இருந்தது. வியாழக்கிழமை மதியம் நேரில் வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.

கூட வேலை செய்பவன் ஒருவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "பெர்லிஸா? மார்ச் மாசத்துலயா? மச்சான், நீ ஐஸ்கட்டி லா. போய்ச் சேர்றப்ப தண்ணியாத்தான் இருப்ப," என்று சிரித்தான்.

மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போய் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. விடிந்ததும் ரவாங்கில் ரயில் ஏறி, மதியம் பெர்லிஸின் ஆராவ் நிலையத்தில் இறங்கினேன். பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று கறுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். பதற்றத்தில் காலையில் சாப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலை ரயில் இருக்கையிலேயே மறந்துவிட்டேன்.

அதற்கு முன் மூன்று தடவை பெர்லிஸ் போயிருக்கிறேன், மூன்றும் மழைக்காலம். மார்ச் மாதத்துப் பெர்லிஸ் வேறு ஊர். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. காற்று அடித்தது, ஆனால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அடித்தது. ஈஜோக்கில் எவ்வளவு வெயில் என்றாலும் சாயங்காலம் ஒரு மழை வந்து சமாதானம் செய்துவிடும். இங்கே மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகிறது என்று வாடகைக் கார் ஓட்டியவர் சொன்னார்.

ஆலை முற்றத்தின் மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். முக்காட்டின் மேல் அகலமான ஓலைத் தொப்பி, இடுப்பில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். லோரிக்காரர்கள் முதல் கணக்கர் வரை எல்லாரும் அவரை 'காக்' என்றுதான் கூப்பிட்டார்கள், அக்கா என்கிற மாதிரி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வடக்கத்தி மலாயில் ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. 'நீ' என்பதற்கு நாங்கள் 'அவாக்' என்போம், அங்கே 'ஹாங்' என்பார்கள் என்பதுகூட அப்போதுதான் காதில் விழுந்தது. நான் பதில் சொன்ன மலாயைக் கேட்டதும் அவர் புருவம் லேசாக உயர்ந்தது.

முன்னால் வந்த லோரிகளை இறக்கி முடிக்கும்வரை முற்றத்தில் காத்திருக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்றேன். ஓரத்தில் தண்ணீர் டிரம் இருந்தது. வெயில் பழக்கம் என்று சொன்னவன் வந்ததும் தண்ணீர் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்காமல் இருந்தேன். இப்போது நினைத்தால் அந்த முட்டாள்தனத்துக்கு என்னையே நான்கு அறை அறையத் தோன்றுகிறது.

பிறகு ஃபோர்க்லிஃப்ட்டைக் காட்டி, பெரிய நெல் சாக்குகளை லோரியிலிருந்து இறக்கி அடுக்கச் சொன்னார். இருக்கையில் உட்கார்ந்தபோதே தொடை சுட்டது. முதல் சாக்கு நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது சாக்கைத் தூக்கியபோது காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது. வேர்வை நின்றுபோனதைக் கவனித்தேன். முற்றம் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்த ஒரே கிளினிக்குக்கு என்னை லோரியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் மேல் குனிந்திருந்த தாதியின் முகம் மெதுவாகத் தெளிந்தது.

என் மனைவி.

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வேலையில் இருக்கும்போது அவள் அப்படித்தான். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற நோயாளிகளிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"உங்க பேர் என்ன?"

சொன்னேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

வியாழன் என்று சரியாகச் சொன்னேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈஜோக்," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருந்த கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஓலைத் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தக் காக் நின்றிருந்தார். மயங்கியவனை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்காமல், அவரே லோரியில் கூடவே வந்திருக்கிறார்.

"ஈஜோக்கா? அது சிலாங்கூர் இல்ல?" என்றார் மலாயில்.

மனைவி கோப்பை இறக்கினாள். "காக், இவர் என் வீட்டுக்காரர்," என்றாள்.

அந்தப் பெண்மணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முகவரி அவளுடையது, நான் ஒரு வருடமாக அல்ல, இரண்டு மணி நேரமாகத்தான் பெர்லிஸில் இருக்கிறேன், பதினான்கு வருடமும் வேலை செய்தது குளிர்கிடங்கில் என்று சொன்னேன். குளிர்கிடங்கு என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"உள்ளூர் ஆள் வேணும்னு ஏன் கேக்கிறோம் தெரியுமா? போன வருஷம் தெற்கேருந்து ஒருத்தன் வந்தான். முதல் நாள் மத்தியானம் சாப்பிடப் போனவன் இன்னும் திரும்பி வரல. நீ என்கிட்ட ஒரு வார்த்தை உண்மைய சொல்லியிருந்தா காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருப்பேன். செத்துப் போயிருந்தா இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

என் தோளைத் தட்டி, முதலில் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் மனைவி என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"உங்கள லோரியிலேருந்து இறக்குறப்ப முதல்ல சட்டையத்தான் பாத்தேன். நம்ம கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சட்டை. இதே மாதிரி யாரோ போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் முகத்தப் பாத்தேன்."

"வேலையோட வந்து உன்னை ஆச்சரியப்படுத்தலாம்னு..."

"நல்லா ஆச்சரியப்பட்டேன் லா," என்று சொல்லிவிட்டு அழுதாள். பின்னால் நின்ற கார் ஹாரன் அடிக்கும்வரை அழுதாள்.

வீட்டில் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். படுக்கலாம் என்று நான் அறைப் பக்கம் போனேன். மகள் தடுத்தாள்.

"அப்பா, ரூம்ல படுக்க முடியாது. சுடும். நானும் அம்மாவும் ஹால்லதான் படுப்போம். அம்மா தரையில தண்ணி தொடச்சி விடுவாங்க, அப்புறம்தான் பாய் போடுவாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை போனில் கேட்கும்போதும், வீடு நல்ல காற்றோட்டம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஏர்கான் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. சொன்னால் நான் கவலைப்பட்டு, வேலை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறாள். நான் மறைத்ததைக் கேட்டு அவள் அழுதாள். அவள் மறைத்ததைக் கேட்டு நான் அந்த ஏர்கானை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்சாதன இயந்திரங்களையும் அவற்றைப் பழுது பார்ப்பதையும் பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மறுநாளே கடையில் போய் ஒரு பாகம் வாங்கிவந்து, அரை மணி நேரத்தில் அந்த ஏர்கானைச் சரிசெய்தேன். மகள் அதன் கீழே நின்று கைகளை விரித்துக்கொண்டு சுற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதம் வந்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. அந்தக் காக்தான்.

"உடம்பு எப்படி இருக்கு? சரி, கேளு. நீ அன்னிக்கு மயங்கி விழுறதுக்கு முன்னாடி, தூக்கியிருந்த சாக்கைத் தரையில இறக்கிட்ட. கை பிரேக்கையும் இழுத்து விட்டுட்ட. அதுக்கப்புறம்தான் சாஞ்ச. அந்தச் சாக்குக்குப் பக்கத்துல என் ஆளுங்க ரெண்டு பேர் நின்னாங்க."

"எனக்கு அது நினைவே இல்ல, காக்," என்றேன்.

"அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன்," என்றார்.

காலை ஆறிலிருந்து பத்துவரை முதல் இரண்டு வாரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம் என்றார். இரண்டே நிபந்தனை. வெயிலைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. தாகம் எடுத்தால் யாரையும் கேட்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பிளாட்பாரத்தில் நின்றபடி நான் சரி, சரி என்று தலையாட்டினேன், அவர் பார்க்கிற மாதிரி.

பழைய வேலையை விடுவதற்கு ஒரு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மாதமும் மனைவி போனிலேயே எனக்கு வெயில் பழக்கினாள். குளிர்கிடங்கில் வேலை முடிந்ததும் ஈஜோக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துச் செம்மண் பாதையில், வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து நடக்க வேண்டும். முதல் வாரம் கால் மணி நேரம், அடுத்த வாரம் அரை மணி நேரம். கையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். மகள் வீடியோவில் வந்து, "அப்பா, பாட்டில காட்டுங்க," என்று மிரட்டுவாள். தோட்டத்தில் பனங்குலை வெட்டுகிறவர்கள், நல்ல நிழல் இருக்கும்போது ஒருவன் தினமும் வெயிலைத் தேடித் தேடி நடப்பதைப் பார்த்து, எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஈஜோக் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஏப்ரல் கடைசியில் பெர்லிஸ் வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த முற்றத்தில்தான் இன்றும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முகம் கறுத்துவிட்டது, வடக்கத்தி மலாய் கொஞ்சம் வாயில் வருகிறது. தெற்கிலிருந்து யாராவது வேலைக்கு வந்தால் காக் அவர்களை நேராக என்னிடம் அனுப்பிவிடுவார். நான் நடந்ததை நடந்தபடி சொல்லி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன்.

ஆனால் மதியம் வேலை முடிந்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த பிறகோ, மனைவி வேலை விட்டு வந்து சோர்வாக நாற்காலியில் சாயும்போதோ, அன்று நான் விழாமல் அந்த வேலையும் கிடைக்காமல் பேசாமல் திரும்பிப் போயிருந்தால் இன்னும் எத்தனை மாதம் என் வீம்புக்காக இவர்கள் இருவரையும் காக்க வைத்திருப்பேனோ என்று நினைத்து, அவர்கள் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்கிறேன்.