காட்டில் நிற்கும் பெண்

இன்று மலையடிவாரத்தில் திருப்பத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அது வந்து நின்றபோது ஒருவர் வந்து கும்பிட்டார். போன வாரம் நம் சங்க மாநாட்டில் நாடோடிக் கதை சொன்ன புதூர்நாட்டுப் பெரியவர். நேரமாகிவிட்டதென்று மணியடித்து அவரைப் பாதியில் உட்கார வைத்தவள் நான்தான்.

"உங்களத்தான் தேடி வந்தேம்மா. அண்ணனத் தேடிப் போன பொண்ணு இன்னும் காட்டுலயே நிக்குது. கதையப் பாதில வுட்டா எங்க பக்கம் ஆவாதுங்க. முன்பாதி கேட்டவங்க யாராச்சும் மீதியக் கேக்கணும்."

"பஸ் கிளம்பப் போகுதுங்களே. இன்னொரு நாள் கேக்கறேன்."

"கொஞ்சந்தாங்க. அந்தப் பொண்ண வூட்டுல சேத்துட்டா முடிஞ்சிபோச்சி."

கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அது பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடும் கரி பஸ். அடுப்பு பற்றவில்லை. கண்டக்டர் பின்னால் நின்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் வண்டி அசையவில்லை. பெரியவர் எதிரே புளியமரத்தடியில் குந்தியிருந்தார். கண்டக்டர் அவரைச் சீண்டினார்.

"இன்னா பெருசு, நீ ஏறலியா?"

"நான் எங்க போறேன்? அம்மாவுக்குக் கதை சொல்ல வந்தேன். அவங்களுக்கு நேரமில்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

நேரமில்லை என்று சொன்ன பிறகு எப்படி இறங்குவது? புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். வண்டி புறப்பட்டபோது அவர் எழுந்து கும்பிட்டார்.

மாநாட்டன்று நம் கட்டுரைகள் ஆறும் கடைசி வரி வரை படிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றாவது எப்படி முடிந்தது என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதுங்கள். எனக்கு இல்லை.