மூன்று வெடி

சித்தப்பாவின் வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கலியாண வீடுகளில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் அதைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டு, "நாட்டிலை, சண்டைக்குள்ளை பட்டதோ?" என்று கேட்பார்கள். சித்தப்பா முகத்தைக் கொஞ்சம் இறுக்கி, "துவக்காலை வந்ததுதான்" என்பார். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. சிலர் அவருடைய தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் காயம் பட்ட இடம் ரொறன்ரோவுக்கு வெளியே இருந்த ஒரு சுடுபயிற்சித் திடல். பட்டது அவருடைய சொந்தத் துவக்கால்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா கலியாணம் செய்யாதவர், எங்கள் பேஸ்மன்டில் இருந்தார். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அங்கே வந்து போகிற ட்ரக் ஓட்டுநர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர்கள். அவர்களிடமிருந்துதான் சித்தப்பாவுக்கு அந்த ஆசை தொற்றியது. பரீட்சை எழுதினார், அனுமதி எடுத்தார், மூஸ் சுடுவதற்கான குலுக்கலில் வருடா வருடம் பெயர் போட்டார். மூஸ் என்பது ஒரு கார் அளவு பெரிய மான். அதற்குச் சின்னத் தோட்டா காணாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மக்னம் தோட்டா போடுகிற பழைய துவக்கொன்றை வாங்கினார்.

மக்னம் என்றால் என்னவென்று அவர் எனக்கு விளக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாதாரணத் தோட்டாவைவிட நீளமான பித்தளைக் கோது, அதற்குள் கூடுதலான வெடிமருந்து. தோட்டா முன்னால் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அதற்கேற்பத் துவக்கு பின்னால் உதைக்கும். அவர் முதல் தடவை சுட்டபோது கண்ணைத் துவக்குக்கு மிகக் கிட்டவாக வைத்திருந்தார். துவக்கு உதைக்க, மேலே பூட்டியிருந்த தூரம்பார்க்கும் குழாயின் விளிம்பு புருவத்தை வெட்டிவிட்டது. தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. அம்மா ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றிக் கொடுத்தபடி, "மூஸுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்று கேட்டா.

வெயார்ஹவுஸின் சாப்பாட்டு அறையில் அந்தத் தோட்டாவைப் பற்றி இரண்டு கட்சி இருந்ததாம். ஒருவர், ஏரியின் மற்றக் கரையில் நின்ற மூஸ் நின்ற இடத்திலேயே விழுந்தது என்பார். இன்னொருவர், அதே தோட்டாவால் அடிபட்ட மூஸ் ஒன்றும் நடவாததுபோல நடந்து சதுப்புக்குள் போய்விட்டது, அடுத்தநாள்தான் கண்டுபிடித்தோம் என்பார். மூன்றாமவருக்குக் கிட்ட நின்று சுட்டதில் தோள் இறைச்சி முழுக்கக் கெட்டுப்போன கவலை. சித்தப்பாவை வேட்டைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்த வெள்ளைத்தாடி ஓட்டுநர் ஒருவர் மட்டும், தோட்டாவின் அளவு மூஸுக்குத் தெரியாது, பட்ட இடம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவாராம். இந்தக் கதைகளைச் சித்தப்பா இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குத் திருப்பிச் சொல்லுவார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்.

அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "நீ என்னவும் செய். உந்தச் சாமான் இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது." அதனால் துவக்கு தாடிக்காரர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. ஒருநாள் சித்தப்பா எனக்குக் காட்டவென்று வெற்றுக் கோது ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். அப்பா அதைக் குப்பைத் தாள் எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுத்து, வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

அந்த ஒக்டோபரில் குலுக்கலில் சித்தப்பாவின் பெயர் விழுந்தது. நன்றி நவிலும் நாளின் நீண்ட வாரவிடுமுறையில் வடக்கே தாடிக்காரரின் கபினுக்குப் போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நானும் போகப்போகிறேன் என்று அழுதேன். இரண்டு நாள் கழித்து அப்பா தானும் வருவதாகச் சொன்னார். சமைப்பதற்கு.

கபின், ட்ரக் பாதையின் முடிவில் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. முதல்நாள் பின்னேரம் தாடிக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். வேறு வேட்டைக்காரர்கள் மிருகமென்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற செம்மஞ்சள் சட்டையையும் தொப்பியையும் காட்டுக்குள் எந்தக் காரணம் கொண்டும் கழட்டக்கூடாது. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். இடைவெளி விட்டு மூன்று வெடி கேட்டால், உன்னைத் தேடுகிறவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சித்தப்பா கை தட்டினார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேணியில் அடைத்த ரின்மீன் குழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்தநாள் காலை சித்தப்பா ஏரிக்கு அப்பால் ஓர் ஆண் மூஸைக் கண்டுவிட்டு வந்தார். சுடுவதற்குத் தூரம் அதிகம். பின்னேரம் அது தண்ணீருக்கு வரும், சத்தம் போடாமல் காத்திருந்தால் கிடைக்கும் என்றார் தாடிக்காரர். சித்தப்பாவுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. இருவரும் போனபின் அப்பா என்னை, "வா பிள்ளை, நாங்கள் மற்றப் பக்கமாய் நடந்திட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

பீவர் என்ற நீர்விலங்குகள் மரக்கிளைகளால் கட்டிய அணையொன்றைப் பார்த்தோம். அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சினியரிங் படிக்காமலே கட்டியிருக்கினம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் வீட்டில் கண்டதில்லை. திரும்பும்போது, வந்த பாதை என்று நாங்கள் பிடித்தது பாதையல்ல, ஏதோ மிருகம் நடந்த தடம். அது சதுப்பில் போய் முடிந்தது. வேறு பக்கம் நடந்தோம். எல்லா மரமும் ஒரே மரமாக இருந்தது. அப்பா ஃபோனை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொக்கெற்றுக்குள் வைத்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியது, தூறலும் பிடித்தது. எனக்கு விரல் நுனிகள் விறைத்துப்போயின.

அப்போதுதான் வெடி கேட்டது.

மக்னத்தின் சத்தம் படத்தில் கேட்கிற துவக்குச் சத்தம் மாதிரி இல்லை. முதலில் காற்றையே கன்னத்தில் அறைந்ததுபோல ஒரு சத்தம். பிறகு அது ஏரிக்கு மேலால் உருண்டு போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "சித்தப்பா" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அடுத்த கணம் என்னுடைய முகம் ஈரப் பாசிக்குள் இருந்தது. அப்பா என்மேல் முழுதாகப் படுத்திருந்தார்.

"அப்பா, இட்ஸ் ஓகே. அது சித்தப்பா. மூண்டு தரம் சுட்டா எங்களைக் கூப்பிடுறார்."

"வாயை மூடு."

அப்படி அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் திரும்பவும் சொல்லப் பார்த்தேன். அவருடைய உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. வெங்காய மணம் இன்னும் அதில் இருந்தது. "கதையாதை பிள்ளை. கதையாதை" என்றார். இரண்டாவது தடவை அது அதட்டலாக இருக்கவில்லை, கெஞ்சலாக இருந்தது.

பிறகு என்னுடைய செம்மஞ்சள் சட்டையைக் கழட்டினார். கழட்டக்கூடாது என்று நான் அழுதேன். அவர் கேட்கவில்லை. தன்னுடையதையும் கழட்டி, தொப்பிகளையும் சேர்த்துச் சுருட்டி, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குக் கீழே திணித்து இலைகளை அள்ளி மூடினார். என்னுடைய கையைப் பிடித்து, குனிந்தபடி, வெடி கேட்ட திசைக்கு நேர் எதிராக இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பவும் மூன்று வெடி. அப்பா நின்று, தலையைச் சரித்துக் கேட்டு, வேறு பக்கம் திரும்பினார். நெடுஞ்சாலையில் எந்த வழியால் இறங்குவது என்று ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் கேட்கிற மனிசன், வெடி எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் என்பதைக் கண்ணிமைக்கிற நேரத்தில் கணித்தார். எங்களைக் கூப்பிடக் கூப்பிட நாங்கள் விலகி விலகிப் போனோம். கடைசியில் வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் அடியில் இருந்த பள்ளத்துக்குள் என்னை இருத்தி, வாசலை அடைப்பதுபோலத் தன் முதுகைக் காட்டுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன்னுடைய ஸ்வெற்றரைக் கழட்டி எனக்குச் சுற்றினார். மழை அவர் முதுகில் விழுந்தது.

பிறகு வெடி நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பெரிய பயம். தேடிக் களைத்து எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அங்கே நடந்தது, பல வருடங்களுக்குப் பிறகு சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எதையோ எடுக்கக் கபினுக்குப் போன தாடிக்காரர் எங்களைக் காணாமல் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். அப்போது ஆண் மூஸ் தண்ணீரில் இறங்கி, சித்தப்பாவின் தூரம்பார்க்கும் குழாய்க்குள் நின்றதாம். அவர் துவக்கை அதிலிருந்து திருப்பி, மேட்டு மண்ணைப் பார்த்து முதல் வெடியை வைத்தார். மூஸ் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் மறைந்தது. அதன் பிறகு சுட்டுச் சுட்டு எங்கள் பக்கமாக நடந்து வந்தவர்கள், விழுந்த மரத்துக்குக் கீழே செம்மஞ்சள் துணியின் ஒரு மூலையைக் கண்டார்கள். ஏதோ மிருகம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று தாடிக்காரர் பதறினாராம். சித்தப்பா இலைகளை விலக்கி, சுருட்டி ஒளித்திருந்த விதத்தைப் பார்த்தார். உடனே துவக்கில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு, அதைத் தாடிக்காரரின் கையில் கொடுத்து, "இனி ஒரு வெடியும் வைக்கவேண்டாம். போய் ட்ரக் ஹோர்னை மட்டும் அடியுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

ஹோர்ன் சத்தம் எங்களுக்கும் கேட்டது. நீளமாக, விடாமல், பார்க்கிங்கில் யாரோ வழியை மறித்துவிட்டதுபோல ஒலித்தது. அப்பா தலையைத் தூக்கினார். பிறகு சித்தப்பாவின் குரல்.

"அண்ணை, நான்தான். சுட்டது நான்தான். இஞ்சை வேறை ஒருத்தரும் இல்லை. என்னட்டைத் துவக்கு இல்லை அண்ணை. தனியத்தான் வாறன்."

அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா குரல் கிட்ட வரும்வரை காத்திருந்தார். அவருடைய தோளுக்கு மேலால் நான் எட்டிப் பார்த்தேன். சித்தப்பா ஜக்கெற்றைக் கழட்டிவிட்டு, அந்தக் குளிரிலும் மழையிலும் வெறும் சேர்ட்டோடு, இரண்டு கைகளையும் உயர்த்தி உள்ளங்கைகளை விரித்துக் காட்டியபடி மரங்களுக்கிடையே மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

அப்பா எழும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா கைகளை இறக்கி, கிட்ட வந்து, அப்பாவின் நனைந்த முதுகில் ஒரு கையை வைத்தார்.

"வாங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிப்பம்."

கபினில் தாடிக்காரர் அடுப்பை மூட்டி, எங்களுக்குத் தன்னுடைய காலுறைகளைக் கொடுத்தார். துவக்கு கண்ணில் படவேயில்லை, எங்கேயோ பூட்டி வைத்துவிட்டார். சித்தப்பா அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. மக்னத்தில் நம்பிக்கை இல்லாத தாடிக்காரர் அதை வைத்து என்ன செய்தாரோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் தான் சுட்ட மூஸில் ஒரு பங்கைப் பொதி செய்து எங்கள் வீட்டுக் கதவடியில் கொண்டுவந்து தருவார். அம்மா அதை யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டுப் பிரட்டுவா.

இப்போதெல்லாம் ஒக்டோபர் விடுமுறைச் சாப்பாட்டு மேசையில் என் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி, எதற்கு நன்றி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நான் வீடு, வேலை, சுகம் என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். மேசையின் மறுபக்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் கோழிக்காலுக்கு இழுபறிப்பட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு விழவிருந்த வெடிக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர். அப்படியொரு வெடி இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மற்றவர், சுருட்டிய ஒரு சட்டையைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொண்டவர். இதை எப்படி மேசையில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று எனக்கு இவை எதுவுமே விளங்கவில்லை. மூஸ் கிடைக்கவில்லையே, பள்ளிக்கூடத்தில் என்னத்தைச் சொல்வது என்பதுதான் கவலை. ரொறன்ரோவுக்குத் திரும்பி வருகையில் நான் பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். முன்னால் சித்தப்பா ஓட்ட, அப்பா பக்கத்தில் இருந்தார். பாதி வழியில் அப்பா கேட்டார்.

"வெடி கேட்டா நான் அதுக்கு எதிர்ப்பக்கமாய்த்தான் போவன் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

சித்தப்பா றோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நானெண்டாலும் அப்பிடித்தான் போயிருப்பன் அண்ணை."

அப்படியென்றால் மூன்று வெடி கேட்டால் என்ன செய்யவேண்டும் என்பது சித்தப்பாவுக்கும் சரியாகத் தெரியாது என்று நினைத்தேன். இருவரும் பாவம். வீட்டுக்குப் போனதும், ஆறுதலாக இருத்தி, நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நித்திரையாகிப் போனேன்.