குனிந்த தலைச் சாமி

சக்கரபாணிக்கு ஒரு காலத்தில் சிஷ்யர்கள் இருந்தார்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனிதர் அவர். சிஷ்யர்களைத் தேடித் தந்தது பக்தி அல்ல, பிய்ந்துபோன விழித்திரை. வலது கண்ணுக்குள் காற்றை அடைத்துத் திரையை ஒட்டிய டாக்டர், குமிழி கரைகிற வரை தலையைக் குனிந்தே இருக்கச் சொல்லிவிட்டார். வாசல் நாற்காலியில் மோவாய் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மாடி அறை வெள்ளைக்காரி எதிரே சப்பணமிட்டுக் கண்ணை மூடினாள். மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். யாரோ காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார்கள். கழுத்து வலியில் அவர் முனகியது மந்திரமாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழம் நன்றாக இருந்தது.

குமிழி கரைந்தது, தலை நிமிர்ந்தது, சிஷ்யர்கள் கலைந்தார்கள். திரையும் ஒட்டிக்கொண்டது. ஆனால் டாக்டர் எச்சரித்திருந்தபடியே, கொஞ்ச காலத்தில் அதே கண்ணில் புரை விழுந்தது. இடது கண் சின்ன வயதிலேயே போனது. இருப்பது இந்த ஒன்றுதான்.

"புரையை எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஏற்கெனவே ஒட்டின திரை. மறுபடி விலகற வாய்ப்பு மத்தவங்களைவிட கொஞ்சம் ஜாஸ்தி. பார்வை எவ்ளோ வரும்னும் எடுத்த பிறகுதான் சொல்ல முடியும்."

சக்கரபாணி தள்ளிப்போட்டார். கேட்டவர்களிடம், "நமக்கு உள்நோக்கே போதும்ங்க" என்று சிரித்தார். மீட்டர் பார்க்க வந்த கரண்ட் ஆபீஸ்காரரை அறை கேட்டு வந்தவர் என்று நினைத்து மாடிக்கு அழைத்துப்போய், மலை தெரிகிற ஜன்னலைக் காட்டினார். இன்னொரு நாள் வாசலில் நின்ற காவிச் சாமியாரைக் கும்பிட்டு வரவேற்றார். அது கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி. ஊரே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி அருணாதேவி மட்டும் சிரிக்கவில்லை.

"பயமா இருக்குனு சொல்லிடுங்களேன். எதுக்கு இந்தக் கூத்து?"

பயமாகத்தான் இருந்தது. குலைநடுங்குகிற பயம். அதை ஒப்புக்கொண்ட அன்றே அவள் அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் திரையைப் பரிசோதித்துவிட்டு, எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். சக்கரபாணி மேல் வரிகளை மளமளவென்று படித்தார். நடுவில் திக்கித் திணறினார்.

"திரை ஒட்டியேதான் இருக்கு, பயப்படாதீங்க. கீழ் வரி?"

கீழ் வரி எறும்புக் கூட்டமாக நெளிந்தது. எவ்வளவு முறைத்தும் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. பலகைக்குப் பக்கத்தில், டாக்டரின் முதுகுக்குப் பின்னால், அருணாதேவி நின்றிருந்தாள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்கு விடை சொல்லிக்கொடுக்கிறவளைப் போல, கண்ணில் நீர் முட்ட, அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக வாயசைத்துக் கொண்டிருந்தாள்.

சக்கரபாணி பலகையை விட்டு அவளைப் பார்த்தார்.

"அந்த வரி தெரியலீங்க டாக்டர்" என்றார். "எம் பொண்டாட்டி வாய் அசையறது தெரியுது."