சந்தியில் நின்றவர்களை எண்ணியவன்

றிஸ்வான் மௌத்தாகிவிட்டான், இறந்துபோனான் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் பதிலுக்குச் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன். உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள். அதற்கு முதல் வாரம்தான், பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று ஒரு பொய்க் கடிதம் தயாரித்து அதே குழுவில் போட்டு, உங்களையெல்லாம் ஒரு மணி நேரம் சந்தோஷமாக வைத்திருந்தேன். அதற்குப் பழிவாங்குகிறான் என்றே நினைத்தேன். பிறகு அவனுடைய தம்பி அழைத்தான். "டெங்கு, அண்ணன். மூணு நாள்தான் கிடந்தார்" என்றான். அந்த முகத்தை அழித்துவிட்டேன். அழித்தாலும் போட்டது போட்டதுதான்.

எங்கள் இருவரையும் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர்தான் ஒரே செயற்திட்டத்தில் கட்டிவிட்டார். நான் ஆரையம்பதி, அவன் பக்கத்து ஊர் காத்தான்குடி. எங்கள் பாடசாலை வீதி கல்முனை வீதியில் ஏறுகிற சந்திக்கு எது பொருத்தம் என்று ஆராய வேண்டும்: சமிக்ஞை விளக்கா, சுற்றுவட்டமா, பொலிஸ்காரரா? போன தவணை மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அங்கே மோட்டார் சைக்கிளில் அடிபட்டுக் கால் முறிந்ததால், பிரதேச சபையே எங்கள் முடிவைக் கேட்பதாகச் சொல்லியிருந்தது.

வாகனங்களை எண்ணுவது என் வேலை. பஸ், லொறி, ஆட்டோ என்று கோடு போட்டு, "மாமியார் வீட்டுக்குப் போகும் வேகத்தில் வந்தவை" என்று தனி நிரலும் வைத்தேன். றிஸ்வானோ எதிர்ப்பக்கம் போய், வீதியைக் கடக்க வந்தவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கைபேசியில் விநாடி பார்த்துக்கொண்டிருந்தான். வாகனத்தை எண்ணச் சொன்னால் வாய் பார்க்கும் சனத்தை எண்ணுகிறான் என்று கத்திக் கேலி செய்தேன். அவன் வீதியைக் கடந்து வந்துதான் பதில் சொன்னான்.

"போறவன் எப்படியும் போயிருவான் மச்சான். நிக்கிறவங்கட நேரத்தைத்தான் ஒருத்தரும் எண்ணுறல்ல."

சுற்றுவட்டத்துக்கு இடம் காணாது, கடைகளை உடைக்க வேண்டும். விளக்குப் போட்டால் கரண்ட் போகிற நேரம் என்ன செய்வது? பொலிஸ்காரர் காலையில் நிற்பார், பள்ளிக்கூடம் விடும்போது நிற்பாரா தெரியாது. மூன்றையும் வெட்டிவிட்டு, எரிச்சலில் நாலாவது தெரிவாக "மாடு" என்று எழுதினேன். வீதியின் நடுவில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, அதனால்தான்.

றிஸ்வான் சிரிக்கவில்லை. மீன் கூடையோடு வந்த ஒரு பெண் அந்த மாடு வரைக்கும் நடந்து, அதன் பக்கத்தில் நின்று, மற்றப் பக்கம் பார்த்து, மிச்ச வீதியைக் கடந்தார். அவன் பார்த்த ஆட்களில் மிகக் குறைந்த நேரம் காத்து நின்றவர் அவர்தான். "இதுதான்டா. நடுவில நிக்க ஒரு இடம் வேணும். பாதி பாதியாக் கடக்கலாம்" என்றான். நான் நக்கலுக்கு எழுதியதை அவன் வரைபடமாக்கினான்: வீதி நடுவே ஒரு சிறு மேடை, இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு.

சபையில் அவன் பேசுவது, நான் படத்தைப் பிடிப்பது என்று முடிவாகியிருந்தது. நான் வாயைத் திறந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவன் கருத்து. எனக்கும் அதே கருத்துத்தான். சபைக்குப் போகவிருந்த திங்கட்கிழமைக்கு நாலு நாள் முன்னர் அவன் போய்விட்டான்.

தனியாகப் போனேன். அவன் எழுதிவைத்த விநாடிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு கர்ப்பிணி, ஒரு கைத்தடிக்காரர், பாலர் பாடசாலைப் பிள்ளையோடு ஒரு தாய். பகிடி, நக்கல் ஒன்றுகூட விடவில்லை. விட்டால் அந்த மேடை கிடைக்காது என்று பயமாக இருந்தது. கேட்டு முடித்த சபைப் பொறியியலாளர், முதலில் வீதி நடுவில் தார் பீப்பாய்களை வைத்து ஒரு மாதம் பார்ப்போம் என்றார். தாளிலிருந்த இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு, "மாதம் முடிய ரெண்டு பேரும் திரும்ப எண்ணிக்கொண்டு வாங்க தம்பி" என்றார்.

"ஓம் சேர்" என்றேன். திருத்த மனம் வரவில்லை.

பீப்பாய்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் நின்ற பக்கத்தில் போய் நிற்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பக்கம்தான். ஆட்கள் நிற்கும் விநாடிகளை எண்ணுகிறேன். வாகனங்கள் தம் பாட்டுக்குப் போகின்றன, எதிர்ப்பக்கம் நின்று எண்ண ஆளில்லாமல்.