கார் வாயை மூடிய நாள்

போன மாதம் கல்லடிப் பாலம் தாண்டியதும் போக்குவரத்துப் பொலிஸார் என்னை மறித்தார்கள்.

ஓரமாக நிறுத்தினேன். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஐயா... ரேஸ் சைலென்சர் போட்டிருக்கா?"

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தலையில் மிஞ்சியிருக்கும் நாலு முடியும் வெள்ளை. பின்சீற்றில் ஒரு மூடை தவிடு. முன்சீற்றில் மூட்டுவலி எண்ணெய்ப் போத்தல். இந்தக் கோலத்தில் இருக்கிறவனைப் பார்த்து ரேஸ் ஓடுகிறாயா என்று கேட்கிறார்! கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் மறைப்பானேன்... உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது.

"இது போட்டது இல்ல தம்பி, போனது" என்றேன்.

வாகனங்களில் தேவையில்லாமல் பூட்டிய லைட், ஹோர்ன், ஊரைக் கூட்டும் சைலென்சர் எல்லாவற்றையும் பொலிஸார் கழற்றச் சொல்லும் காலம் இது. ஆனால் பூட்டாமலே கத்துகிற வாகனத்தை என்ன செய்வது? அவரும் யோசித்தார். "கெதியா செய்து எடுங்க ஐயா" என்று அனுப்பிவிட்டார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — அது ஜப்பானில் பிறந்தது, என் மகளுக்கு மூத்தது. நாங்கள் இருப்பது குருக்கள்மடத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவே உப்புக்காற்றில் நிற்கிற இரும்பு என்ன ஆகும்? கார் முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. சைலென்சர் பல வருடத்துக்கு முன்பே முந்திக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் அப்படி வந்தவன். இப்போது வீடு மகளின் பெயரில். மருமகன் ரமணனும் அப்படி வந்தவர். மற்ற ஊர்களில் மனைவியை 'வீட்டுக்காரி' என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது காணி உறுதியிலேயே எழுதியிருக்கும். வீடு, வளவு, தென்னை, கோழி — எதிலும் எனக்குப் பங்கில்லை. எனக்கென்று இருப்பது அந்தக் கார் மட்டும்.

அதற்கும் ஆபத்து வந்தது.

பொலிஸ் மறித்த கதையை வீட்டில் நடித்தே காட்டினேன். 'ரேஸ்' என்ற இடத்தில் ஒருவராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. ஏறாவூரில பழைய கார் வாங்கிற ஒராள் இரிக்காராம். வாற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிரிக்கன். அதுக்குள்ள அந்தச் சாமான்ட வாயை மூடப் பண்ணுங்க. இல்லாட்டி அவர் கொண்டு போகட்டும்."

"அதுக்குக் காசு?"

"உங்கட பென்சனுக்குள்ள பாருங்க. வீட்டுக் காசில தொட ஒண்ணா."

மகள் தர்சினி தாய்க்குச் சாட்சி சொன்னாள். "அப்பா, நீங்க கோயில் சந்தியில வரக்குள்ளயே இஞ்ச அலுமாரிக்குள்ள கோப்பை கிலுங்குது."

ரமணன் என் முன்னால் பேசுவதே மூன்று வசனங்கள்தான். ஓம் மாமா. இல்ல மாமா. சாப்பிட்டீங்களா மாமா. தங்கமான பிள்ளை, ஆனால் பேச்சு வராது என்று நினைத்திருந்தேன்.

முதலில் சொந்த வைத்தியம் பார்த்தேன். டின்மீன் டின் ஒன்றை வெட்டி, ஓட்டையைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். ஆரையம்பதிவரை பிரமாதம். அங்கே பின்னால் ஒரு ஓட்டோ துரத்திக்கொண்டு வந்தது. ஓட்டோக்காரர் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஐயா! உங்கட மீன் டின் விழுந்திற்று!"

ஆகவே காத்தான்குடிக்கே போனேன், நஸீரின் கராஜுக்கு. நஸீர் காருக்கு அடியில் போனார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சேர், இதுல சைலென்சர் எண்டு செல்றதுக்கு ஒண்டுமில்ல. பெயின்ற்தான் நிக்கிது."

புதியதற்கு ஒரு விலை சொன்னார். "தம்பி, நான் காரின்ட விலையைக் கேக்கல்ல, சைலென்சரின்ட விலையைத்தான் கேட்டன்" என்றேன். ஜப்பானில் பழைய காரில் கழற்றி வந்தது ஒன்றுக்கு இன்னொரு விலை சொன்னார். அதற்கும் என் பென்சனுக்கும் அறிமுகமே இல்லை.

இதற்குள் ஆலோசகர்கள் கூடிவிட்டார்கள். கராஜ் என்றால் வேலை செய்கிறவர் ஒருவர், விளக்கம் சொல்கிறவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள் அல்லவா? பெற்றோல் மிச்சமாகும், சைலென்சரே வேண்டாம் என்றார் ஒருவர். சத்தம் குறைந்தால் இன்ஜின் சூடேறும் என்றார் இன்னொருவர். இருவரும் வந்தது சைக்கிளில்.

கடைசியில் நஸீர் பின்னாலிருந்த பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். முன்குழாய் என்னுடையதே, ஒட்டுப் போட்டது. நடுவில் ஒரு வேனின் டப்பா. பின்பகுதி, நெல் ஏற்றிய ஏதோ சின்ன லொறியுடையது. எல்லாவற்றையும் சேர்த்து வெல்டிங் அடித்தார். நம் நாட்டில் அரசாங்கம் அமைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எது எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. ஒட்டு நிற்கும்வரை ஒற்றுமை.

"ஒரு கண்டிஷன் சேர். பின்னுக்கு மூணு பேரை ஏத்தாதீங்க. றோட்டில தட்டும்."

பிறகு பளபளவென்று ஒரு குரோம் மூக்கைக் கையில் எடுத்தார். குழாயின் நுனியில் மாட்டுவதாம். "வடிவா இரிக்கும் சேர்." தேவையா? இல்லை. பென்சனில் மிச்சம் இருந்ததா? அதுவும் இல்லை. மாட்டினேனா? ...மாட்டினேன். அறுந்த செருப்போடு திரிகிறவன் தங்கப்பல் கட்டிய மாதிரி என் கார் வெளியே வந்தது.

ஆனால் சத்தம் — அடியோடு இல்லை! அந்த அமைதியில் காரின் மற்ற நோய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. கதவு முனகியது. சீற்று கிறீச்சிட்டது. வழியில் நடு றோட்டில் ஒரு மாடு. வழக்கமாக நான் வருவது தெரிந்து அரைக் கட்டை தூரத்துக்கு முன்பே எழும்பிவிடும். அன்று அசையவில்லை. ஹோர்ன் அடித்தேன். ஹோர்ன் வேலை செய்யவில்லை. எப்போது பழுதானது? எனக்கெப்படித் தெரியும்... ஹோர்னுக்குத் தேவையே இருக்கவில்லையே!

வீட்டு வாசலுக்கு வந்தேன். கேற் சாத்தியிருந்தது.

இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அது சாத்தியிருந்து நான் கண்டதில்லை. நான் வரும்போது கேற் திறந்திருக்கும், ரீவியில் செய்தி ஓடும், என் சாய்மனைக் கதிரை காலியாக இருக்கும், தேத்தண்ணி ஆவி பறக்கும். வீட்டுத் தலைவனுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். அது சைலென்சருக்குக் கிடைத்த மரியாதை!

இறங்கி நானே திறந்தேன். குசினிப் பக்கத்தால் சுற்றிப் போனேன். அப்போதுதான் கேட்டது.

என் கார்ச் சத்தம். பழைய சத்தம். வீட்டுக்குள்ளே இருந்து!

ஜன்னலால் பார்த்தேன். என் சாய்மனைக் கதிரையில் ரமணன். கையில் ஸ்டியரிங் மாதிரி, அரிசி புடைக்கிற சுளகு ஒன்று. வாயால் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். பட பட பட... ட்ர்ர்ர்ர்! பிறகு நிறுத்தி, பொலிஸ்காரராகக் குனிந்து பார்த்தார். பிறகு நானாக மாறினார். தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி — "இது போட்டது இல்ல தம்பி, போனது."

மூன்று வசனத்துக்கு மேல் பேசாத பிள்ளை! தர்சினி சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "இன்னொருக்காச் செய்ங்க மருமகன்" என்றாள்.

எனக்கு வலித்தது. ரமணன் என்னை நடித்துக் காட்டியதற்காக அல்ல. என் மனைவி இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு இருந்திருக்கிறது. என் கார் கோயில் சந்திக்கு வரும்போது அது ஒவ்வொரு நாளும் நின்றிருக்கிறது. மந்திரிமார் முன்னால் ஸைரன் அடித்துக்கொண்டு போவார்கள்; அவர்கள் வருவது தெரிந்தே மூடிவைத்ததால் றோட்டில் குழியே இருக்காது. ஊர் செழிப்பாக இருக்கிறது என்று அவர்களும் நம்பித்தான் திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் ஒவ்வொரு நாளும் வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

திரும்பிப் போய்க் கார்க் கதவை அடித்துச் சாத்தலாமா? சத்தம் கேட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும். கேற், கதிரை, செய்தி, தேத்தண்ணி. ஆனால் சிரிப்பு நின்றுவிடும்.

உள்ளே போனேன்.

ரமணன் துள்ளி எழும்பினார். சுளகு முதுகுக்குப் பின்னால் போனது.

"மாமா... சாப்பிட்டீங்களா மாமா?"

"மருமகன், பொலிஸ்காரர் சரி. நானும் சரி. ஆனா கார் பிழை."

"மாமா?"

"கோயில் சந்தியில திரும்பி ரெண்டாங் கியர் போடக்குள்ள அது அப்பிடிக் கத்தாது. முதல்ல ஒரு தும்மல். மறுகாதான் கத்தும். சுளகை இஞ்ச தாங்க."

வாங்கினேன். கதிரையில் உட்கார்ந்தேன். தும்மினேன். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கொடுத்தேன். அலுமாரிக்குள் கோப்பை கிலுங்கியது என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன்.

முதலில் சிரித்தது ரமணன்தான். என் முகத்துக்கு நேரே, வாய் நிறைய.

மனைவி ஜன்னலால் எட்டி, குரோம் மூக்கோடு சத்தமில்லாமல் நின்ற காரைப் பார்த்தாள். பிறகு சுளகும் கையுமாக இருந்த என்னைப் பார்த்தாள்.

"கார் வாயை மூடிற்று. இனி அந்த ஏறாவூரார் வந்தா இவரைத்தான் குடுத்தனுப்பணும்."