சீக்காளி என்று ஒரு சான்றிதழ், சௌக்கியம் என்று ஒரு சான்றிதழ்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் சென்னை விடுதிக் கட்டிலிலிருந்து எழுந்தேன். என் கால்கள் எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்தேன். அன்று கணக்குத் தேர்வு. நான் நடிக்கிறேன் என்று நினைத்த அறைத்தோழி, "ஐடியா சூப்பர்டி" என்று பாராட்டிவிட்டு ஹால் டிக்கெட்டோடு கிளம்பிப் போய்விட்டாள்.

மாலைக்குள் கைவிரல்களும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடம்பே தன் நரம்புகளைத் தாக்கிக்கொள்ளும் நோய் என்றார்கள் மருத்துவமனையில். இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயரை ஒட்டவைத்த நோய் அது. போர்ட் பிளேரிலிருந்து விமானத்தில் ஓடி வந்த அப்பாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஊரிலிருந்து போன் செய்தவர்களிடமெல்லாம் "புள்ளைக்கு பிரெஞ்சு வாதம்" என்றார். இந்த வாதத்துக்கு மட்டும் ஏதோ கௌரவம் இருப்பதுபோலக் கேட்டவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உயிர் பிழைத்தது. படிப்பு பிழைக்கவில்லை. வருகைப் பதிவு போய், தேர்வுகள் போய், கடைசியில் கல்லூரிப் பதிவேட்டில் பெயரையும் வெட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்குத் திரும்பினோம். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வருடம் கிடந்தேன். அப்பா ஓர் அரசுத் துறையில் ஸ்டோர் கீப்பர். சிமெண்ட் மூட்டையை இறக்கும் கவனத்தோடு என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இறக்குவார்.

என்னை நடக்க வைத்தது ஒரு மலையாளி பிசியோதெரபிஸ்ட் அக்கா. என் பாதி உயரம்தான் இருப்பார். குரல் மட்டும் கப்பல் சங்கு. "இன்னும் ஒண்ணு" என்பார். செய்தால், "இன்னும் ஒண்ணு" என்பார். அவருடைய கணக்கில் கடைசி என்று ஒன்று கிடையவே கிடையாது. அவரை நான் மனதுக்குள் திட்டினேன், பிறகு வாய்விட்டே திட்டினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஆறாம் மாதம் சுவரைப் பிடிக்காமல் நின்றேன். எட்டாம் மாதம் வாத்துபோல நடந்தேன். ஒருநாள் பயிற்சி முடிந்து வியர்வையோடு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த நோயாளியிடம் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு என்னையறியாமல், "அவர் முட்டியை மடக்குறாரு, ஏமாத்துறாரு" என்று காட்டிக்கொடுத்தேன். அக்கா திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பிசியோதெரபி படிப்பதென்று.

அப்பாவிடம் சொன்னேன். "நீ பட்டது பத்தாதுன்னு, ஊர்க்காரனையும் படுத்தப் போறியா ஆத்தா?" என்றார். ஆனால் மறுநாளே விண்ணப்பத்தை வாங்கி வந்தது அவர்தான்.

மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கம், நாலரை வருடப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சிக்கல் உதவித்தொகையில். தீவிலிருந்து வெளியே போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தொகையை நான் ஏற்கெனவே பொறியியலுக்கு வாங்கியிருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாமல் இருக்க வேண்டுமென்றால், படிக்கவே முடியாத அளவுக்கு நோயாளியாக இருந்தேன் என்று சான்றிதழ் வேண்டும். புதிய படிப்புக்கு மறுபடி தொகை கேட்பதென்றால், படிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறேன் என்று இன்னொரு சான்றிதழ் வேண்டும்.

இரண்டையும் ஒரே மருத்துவர், ஒரே நாளில், ஒரே பேனாவால் எழுதினார். முதல் தாளில் என்னால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அடுத்த தாளில் நான் எந்தப் படிப்பையும் தாங்குவேன். "ரெண்டும் உண்மைதான்மா. ஆனா சேத்துப் படிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார் அவர், முத்திரை குத்திக்கொண்டே.

உதவித்தொகை அலுவலகத்துக்குக் கிளம்பிய காலையில் அம்மா ஒரு குண்டைப் போட்டாள். "இவ இப்படி ஜம்முனு நடந்து போனா, உனக்கு என்ன கேடு, பழைய பணத்தை வைன்னு கேப்பான். கொஞ்சம் நொண்டட்டும்." கொஞ்சம் என்பது அப்பாவுக்குப் போதவில்லை. அடுத்த தெருவில் இடுப்பு ஒடிந்து குணமான ஒருவரின் சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். "நீ சும்மா உக்காரு. பேசுறதை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அலுவலகத்தில் கண்ணாடியணிந்த ஒரு பெங்காலி மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். "அரே பாபா, யே லட்கி பிமார் ஹை கி டீக் ஹை?" பெண் சீக்கா, சௌக்கியமா என்பது கேள்வி.

"தோனோ, மேடம்" என்றார் அப்பா. இரண்டும்தான்.

மேடம் தாள்களை அப்பாவிடமே திருப்பித் தந்து, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாடியில் இருக்கிறார், லிஃப்ட் கிடையாது, மனுதாரர் நேரில் போக வேண்டும் என்றார். அப்பா படிக்கட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவர் போட்ட திட்டத்தில் மாடியே இல்லை. வரிசையில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. எழுந்தேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறினேன். வரிசையில் நின்ற ஒரு தெலுங்கு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்பா காலி நாற்காலியை என்ன செய்வதென்று தெரியாமல் அதில் ஃபைலை உட்கார வைத்துவிட்டு என் பின்னால் ஓடி வந்தார்.

படியின் உச்சியில் அதிகாரியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளி; தமிழ் சரளமாகப் பேசினார்.

"எந்தக் காலும்மா?"

"இடது" என்றார் அப்பா.

"ரெண்டும் சார்" என்றேன் நான்.

அவர் முகம் மாறியது. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே படுத்தேன், நிஜமாகவே எழுந்தேன். அதில் எங்கள் கைச்சரக்கு எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. சேர்த்ததால் இப்போது திருடர்கள்போல நின்றோம்.

"சார், நாற்காலி பொய். சீக்கு பொய்யில்ல" என்றேன்.

அப்பா போனை எடுத்தார். அதில் ஒரு வீடியோ இருந்தது. அப்படியொன்று அவரிடம் இருப்பது எனக்கே தெரியாது. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். எலும்பும் தோலுமாக, கால்கள் துணிபோல. பிசியோ அக்கா "இன்னும் ஒண்ணு" என்கிறார். நான் ஒரு அடி வைத்து, தமிழில் ஒன்று, ஹிந்தியில் இரண்டு, அவருக்குப் புரியட்டும் என்று மலையாளத்தில் ஒன்று என வசைகளைப் பொழிகிறேன். ஒலி முழுதாக வைக்கப்பட்டிருந்தது. கீழே வரிசை வரைக்கும் கேட்டது. தீவில் யார் எந்த மொழிக்காரராக இருந்தாலும் எல்லா மொழி வசையும் எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த ஃபைலோடு மேலே ஏறி வந்துவிட்ட மேடம் முதலில் சிரித்து, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலையாளம் நல்லா வருது" என்றார் அதிகாரி. பழைய தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று எழுதினார். புதியதற்குப் பரிந்துரையும் எழுதினார்; ஆனால் அது கைக்கு வர ஒரு வருடமாவது ஆகும் என்றும் எச்சரித்தார்.

கல்லூரி அந்த ஒரு வருடம் பொறுக்காது. அப்பா தன் சேமநிதியிலிருந்து முன்பணம் கேட்டு எழுதினார். அவர் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிய எழுத்தர், இந்த வயதில் பெண் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் எழுதிய பழக்கத்தில், காரணம் என்ற இடத்தில் "மகள் திருமணம்" என்று போட்டுவிட்டார். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளில் படிவத்தைத் திருத்திவிட்டார்கள். ஊரைத் திருத்த முடியவில்லை. தெருப் பெண்கள் அம்மாவை மடக்கி, "மாப்பிள்ள மெயின்லேண்டா? என்ன வேல?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துப்போன அம்மா கடைசியில், "ஆமாக்கா, மெயின்லேண்டுதான். நாலரை வருஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டாள். அத்தனை வருடம் காக்க வைக்கும் மாப்பிள்ளையை நினைத்து அவர்கள் எனக்காக வருந்தினார்கள்.

கப்பலில்தான் போனேன். ஏணியில் ஏறும்போது அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டார். என்னைத் தூக்கப் பார்க்கவில்லை. என் படுக்கைத் தட்டில் துணி விரித்து, தண்ணீர் பாட்டிலை எங்கே வைக்க வேண்டும் என்று மூன்று முறை இடம் மாற்றிப் பார்த்தார். வழியனுப்ப வந்தவர்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "காலு எப்படி இருக்குன்னு தெனம் கேக்க மாட்டேன்" என்றார். கேட்டார். நாலரை வருடமும், தினமும், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால்.