ஒரே தடவை போட்ட சோறு

வெள்ளரிக்காய் நறுக்கி நறுக்கியே என் விரல் தேய்ந்துபோனது. நெஞ்சடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்ன வழி அது. சோற்றுக்கு முன்னால் ஒரு தட்டு வெள்ளரி, தக்காளி, ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப். பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சோறு தானாகக் குறையும் என்றார். எடை இறங்காவிட்டால் இதயம் தாங்காது என்பதை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று மாதம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மழை கொட்டினாலும் எங்கள் பெருமாட்டியிலிருந்து பக்கத்துச் சித்தூருக்குப் பஸ் ஏறிப் பிஞ்சு வெள்ளரி வாங்கி வந்தேன். சொந்தத் தென்னந்தோப்பு இருக்கிற வீட்டில் பொரியலுக்குத் தேங்காய் போடுவதை நிறுத்தினேன். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆடு மாதிரி மென்றார். மறுபடி ஆஸ்பத்திரியில் எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினால், இரண்டு கிலோ கூடியிருக்கிறது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கூனிக் குறுகிப்போனேன்.

திரும்பும் வழி நெடுக அவரைக் கரித்துக் கொட்டினேன். டீக்கடையில் பழம்பொரி தின்றாரா, அவர் தங்கச்சி வீட்டில் விருந்தா என்று குடைந்தேன். இந்த மனுஷன் என்னை விட்டுப் போகத்தான் போகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது.

வீட்டுக்கு வந்து வெள்ளரியைத் தின்றார். சோறு போட்டேன், சாப்பிட்டு முடித்தார். என் கை மறுபடி கரண்டிக்குப் போனது. அவர் தட்டின்மேல் கையை விரித்து மறைத்தார்.

"நானு திருடித் திங்கலே புள்ள. நீ ரெண்டாந்தடவ போட்டுப்போடறே, நானு தின்னுபோடறேன்."

எங்கள் வீடுகளில் ஒரே தடவை சோறு வைப்பது செத்தவருக்குப் படைக்கும்போதுதான். உயிரோடு இருக்கிறவருக்கு மறுசோறு போட்டே ஆக வேண்டும். சாவைத் தொட்டுத் திரும்பியவருக்கு ஒரே தடவை போட எனக்கு எப்படி மனசு வரும்? அந்தப் பயத்தில் ஒரு கரண்டி இரண்டானது, இரண்டு மூன்றானது. வயிறு நிறைந்துவிட்டது என்று அவர் சொன்னபோதெல்லாம் கெஞ்சிக் கெஞ்சித் திணித்தவள் நான்தான். பாவி.

"ஒருக்காப் போட்டாச் செத்துப்போயிருவேன்னு பயமா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சட்டியை மூடினேன். அவர் எழுந்து கை கழுவப் பின்பக்கம் போனார். ஒரே தடவை சோறு வைத்த அந்தத் தட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.